புகையைக் கண்டால் புகை போடு

புன்னைக்கோட்டையை ஆண்ட கஞ்சமல்ல பூபதி இருமினால் சபையே கூடச் சேர்ந்து இரும வேண்டும். அது அந்த ஊர் மரியாதை. இருமாமல் உட்கார்ந்திருந்தவன் ராஜதுரோகி.

ஒரு தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு ராஜாவுக்கு விடாத இருமல். சபைக்கும் தொண்டை புண். உழவர்கள் வயலில் நெல்தாளைக் கொளுத்துகிற புகைதான் காரணம் என்றார் மந்திரி ஆவுடைநம்பி. கொளுத்துகிறவனைப் பிடிக்க ஊரைச் சுற்றிக் குன்றுக்குக் குன்று காவல்மேடை கட்டினார். கல் இழுக்க உழவர்களின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மேடை எழும்ப எழும்ப இருமலும் ஏறியது. பட்டத்து யானை தும்மியதில் கொடிமரமே சாய்ந்துவிட்டது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

கடைசியில் குப்பாண்டி என்ற உழவன் சிக்கினான். தாளைக் கொளுத்தினால் நிலம் அரண்மனைக்கு என்பது மந்திரி போட்ட சட்டம். அவனுக்கு இருந்ததோ அந்த ஒரு வயல்தான். ஏனடா கொளுத்தினாய் என்று ராஜா கேட்டார்.

"தாளை மண்ணோட மடக்கி உழுதா எருவாகும் சாமி. உழ மாடு வேணுமே. அதுங்கதான் உங்க மேடைக்குக் கல் இழுக்குதுங்க."

வாய்க்கொழுப்பு என்றார் மந்திரி. இவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் நிலத்தையும் பிடுங்கிவிடலாம் என்றார்.

ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் ஆதிச்சன் என்று ஒருவன் இருந்தான். இருமல் வந்ததிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. அவன் எழுந்தான்.

"நாளைக்கு உழவர்கள் எல்லோரையும் அரண்மனை முற்றத்தில் உட்கார வையுங்கள் மகாராஜா. ஊரில் ஓர் அடுப்பும் எரியக் கூடாது. அதற்குப் பிறகும் புகை வந்தால் இவன் நிலத்தை விட்டுவிடுங்கள். வராவிட்டால் என் தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் விடிந்தது. முற்றத்தில் உழவர்கள் பழைய சோற்றுக்கு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா மாடியேறிப் பார்த்தார். வடக்குக் குன்றில் புகை. அதற்கடுத்த குன்றில் புகை. கொஞ்ச நேரத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி புகை.

வடக்கு மேடைக் காவலனைச் சபைக்குப் பிடித்து வந்தார்கள். விடிகாலைப் பனியைப் புகை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னான்.

"நினைத்தால் என்ன? தீ வைத்தது யார்?" என்றார் ராஜா.

"நான்தான் மகாராஜா. புகையைக் கண்டால் பச்சை விறகும் ஈரத்தழையும் போட்டு, புகை எழுப்பி, அடுத்த மேடைக்குத் தெரிவிக்கணும்னு மந்திரி உத்தரவு."

"அடுத்த மேடைக்காரன்?"

"என் புகையைக் கண்டு அவன் போட்டான். அவன் புகையைக் கண்டு அதற்கடுத்தவன். சுற்றி வந்து கடைசி மேடையில் புகை தெரிஞ்சுது, நான் மறுபடியும் போட்டேன்."

"எப்போதடா அணைப்பாய்?"

"புகை நின்னதும் அணைச்சிடுவேன் மகாராஜா."

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். ராஜா இருமாமலே மந்திரி இருமினார்.

குப்பாண்டியின் நிலம் தப்பியது. மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார் ராஜா. ஆதிச்சன் கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டார். எல்லா மேடையிலும் இந்த நிமிஷமே தீயை அணைக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

"இதோ" என்று மந்திரி தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினார்.

"பந்தத்தோடு எங்கே ஓடுகிறீர்?" என்று மறித்தான் ஆதிச்சன்.

"வழியை விடு. அவசர உத்தரவு. இங்கே புகை போட்டால்தானே மேடைகளுக்குத் தெரியும்?"

ராஜா சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மரியாதை கெடாமல் சபையும் இருமியது.