டிரில்லும் இம்பாக்ட்டும் ஒரே பெட்டிக்குள் போன விதம்

அந்தக் காலத்தில், ஒரு புரட்டாசி மாதம் பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு, முந்நூற்றுப் பன்னிரண்டு திருகாணிகள் கொண்ட சாக்குப் பையுடன் கயித்தான் என்பவர் கரையூர்க் கருவிக் கடையின் படி ஏறினார். கொக்கும் நண்டும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கருவிகளும் பேசின. இன்று ஒரு கருவி வாங்க வேண்டுமென்றால் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். அன்று கருவியே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. இரண்டிலும் உண்மையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

கயித்தான் நெடுந்தாழைத் தீவுக்காரர். அங்கிருந்த ஒரே பெரிய வள்ளத்துக்கு அவர்தான் தண்டல், அதாவது தலைவர். தீவில் ஆறு குடும்பங்கள், இருபத்து மூன்று பேர். கல்சுவர் வைத்த கட்டடம் ஒன்றே ஒன்று: கருவாட்டுக் கொட்டகை. பெருங்காற்று வருகிறதென்றால் முன்கூட்டியே எல்லோரும் வள்ளத்தில் ஏறிக் கரைக்கு வந்துவிடுவார்கள். அந்த நேரம் தப்பிப்போனால் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இந்த முறை கரைக்கு வர வழியில்லை. கயித்தானின் அக்கா பனிமயத்தின் மகள் செலசிக்கு நிறைமாதம். அவளை வள்ளத்தில் ஏற்றவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக மற்றவர்களுக்கும் மனமில்லை.

கொட்டகையின் கூரையோ போன வருஷக் காற்றில் பாதி பறந்துபோயிருந்தது. புதுத் தகரம் வாங்கிப் போட்டாயிற்று. ஆணியில் நின்ற தகரத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பதால் இந்தத் தடவை திருகாணி. அத்தனையையும் கையால் முடுக்கினால் ஒரு மாதம் ஆகும். பத்து நாளில் காற்று வரும் என்று கொக்குகள் பேசிக்கொண்டன.

கடைக்காரர் செய்யது மரைக்கார். கருவிகளைப் பேசவிட்டுத் தான் சும்மா இருக்கும் வியாபாரி. முதலில் வாய் திறந்தது வயர் வைத்த டிரில். தீவில் மின்சாரம் உண்டா என்று கேட்டது. இல்லை என்று கயித்தான் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது பேட்டரியில் ஓடும் இரண்டு பேர். ஒருவன் டிரில். நீண்ட மூக்கு, மூன்று தாடை கொண்ட வாய், கழுத்தைச் சுற்றி வரிசையாக எண்கள். மெதுவாகப் பேசுவான், நிறையப் பேசுவான். இன்னொருவன் இம்பாக்ட், சுற்றும்போதே தட்டித் தட்டி முடுக்குகிறவன். குட்டைக் கழுத்து, கனத்த தலை, உரத்த குரல். மற்றபடி இருவருக்கும் ஒரே மாதிரிப் பிடி, ஒரே மாதிரி விசை. அழுத்தினால் இருவரின் மூக்கும் சுற்றும். துளையும் போடுவேன், திருகாணியும் இறக்குவேன், கூட ஆள் தேவையில்லை என்று டிரில் சொன்னான். அதையே இம்பாக்ட் இன்னும் சத்தமாகச் சொன்னான்.

இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது என்று மரைக்கார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். கயித்தான் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நெடுந்தாழை வள்ளத்தில் ஒரே வேலைக்கு இரண்டு பேர் ஏறக் கூடாது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். கயித்தானின் அப்பா காலத்தில் சுக்கான் பிடிக்கத் தெரிந்த இருவர் ஒரே வள்ளத்தில் போனார்கள். பாறை வந்தபோது ஒருவர் இடப்பக்கம் என்றார், மற்றவர் வலப்பக்கம் என்றார். வள்ளம் நேராகப் போனது. நான்கு பேர் வீடு திரும்பவில்லை. அதிலிருந்து சுக்கானுக்கு ஒருவர், பாய்க்கு ஒருவர், தண்ணீர் இறைக்க ஒருவர். கருவிகளுக்கும் அதே சட்டம். ஒரு கோடரி இருந்தால் இன்னொரு கோடரிக்கு இடமில்லை.

எனவே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கயித்தான் கடை வாசலில் கிடந்த பெட்டிப் பலகை ஒன்றை நிமிர்த்தி வைத்து, ஆளுக்கொரு திருகாணி கொடுத்தார். டிரில் நிதானமாக இறக்கினான். கடைசி அரை விரற்கடையில் திணறி, பிடித்திருந்தவரின் மணிக்கட்டை ஒரு திருகு திருகினான். இம்பாக்ட் எடுத்த எடுப்பில் தடதடவென்று இரண்டு அடி அடித்து முடித்துவிட்டான். கை ஆடவே இல்லை. பாய் பிடிக்கும் இன்னாசி, செலசியின் புருஷன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகமே வேண்டாம் மாமா என்றான்.

டிரில் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். “அங்க என்ன மரம், தண்டல்?”

“மரந்தான்” என்றார் கயித்தான். இன்னாசி சிரித்தான். இம்பாக்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கொட்டகைக் கூரையைத் தாங்கும் கைமரங்கள் எல்லாம் பனை. அதுவும் வைரம் பாய்ந்த, முற்றிய பனை. மேலே கறுத்த நார் இரும்பு மாதிரி இருக்கும். கோபம் வந்தால் நெடுக்கப் பிளந்துகொள்ளும். மறுநாள் காலை கயித்தான் ஏணியில் ஏறி முதல் திருகாணியை வைத்தார். இம்பாக்ட் அடித்த அடியில் அதன் தலை தெறித்துக் கடலில் விழுந்தது. இரண்டாவது பாதி இறங்கி நின்றுவிட்டது. நான்காவதில் கைமரம் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்தது. செலசி கீழே பாயில் உட்கார்ந்து வயிற்றின் மேல் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஆணி உள்ள போகுதா, மரம் வெளிய வருதா?” என்றாள்.

கயித்தான் அடுத்த திருகாணியை எடுத்து வைத்தார். பதினொரு திருகாணிகளில் ஐந்துக்குத் தலை போயிருந்தது. பனிமயம் ஏணியின் அடியில் வந்து நின்று தம்பியைக் கீழே இறங்கச் சொன்னார். இந்தத் தீவில் பனை கிடையாது, இந்தக் கைமரங்களை தன் மாமனார் காலத்தில் கரையிலிருந்து மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள், இன்னும் ஒன்று பிளந்தால் தகரம் போட இடமே இருக்காது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பிறகு இம்பாக்ட்டைப் பார்த்தார்.

“ஒனக்கு என்னப்பா வேணும்? உள்ளதச் சொல்லு.”

இம்பாக்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டான். துளை போட்டுக் கொடுத்தால் எந்த மரத்திலும் இறக்கிவிடுவேன், துளை போடுவது எனக்கு வராது, போட்டாலும் நேராக இருக்காது என்றான்.

“கடையிலயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?” என்றார் கயித்தான்.

“கடையில எவன் தன் கொறயச் சொல்லுவான் தண்டல்? நீங்க மீன் விக்கும்போது சொல்லுவீகளா?”

கயித்தான் திருகாணிப் பையின் வாயைக் கட்டினார். மேலும் பேச இம்பாக்ட்டுக்குத் தெம்பில்லை. கடையிலிருந்து அரைகுறைச் சார்ஜில் வந்த பேட்டரி தீர்ந்து அப்படியே வாயை மூடிவிட்டான். தீவில் மின்சாரம் இல்லாததால் பேட்டரியை மறுபடி நிரப்பக் கரைக்குத்தான் போக வேண்டும்.

பதினேழாம் தேதி காலை அவர்கள் கரையில் இறங்கியபோது காற்று திசை மாறியிருந்தது. பத்து நாள் என்ற கொக்குகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் கம்பத்தின் அடியில் ஆள் நின்றுகொண்டிருந்தான். கூண்டு ஏறிவிட்டால் எந்த வள்ளமும் கிளம்ப முடியாது. இன்னும் ஒரு தடவை கடலைக் கடக்கலாம், அதுவும் நண்பகலுக்குள். மரைக்கார் ஒன்றும் கேட்காமல் பேட்டரியை வாங்கிச் சார்ஜில் போட்டார். பதினொரு மணி ஆகும் என்றார்.

டிரில் அலமாரியில் இருந்தபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். பனை என்றதும் தெரியும் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். துளை நான் போடுகிறேன், கனத்த திருகாணியை அவன்தான் இறக்க வேண்டும், நான் இறக்கினால் முப்பது திருகாணிக்குள் உங்கள் மணிக்கட்டு வீங்கிவிடும் என்றும் ஒப்புக்கொண்டான். அப்படியென்றால் இரண்டு பேரும் வர வேண்டும். ஒரே வள்ளத்தில் வர வேண்டும்.

கயித்தான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னாசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டத்தை விடுங்கள் மாமா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. திரும்பி வராத நான்கு பேரில் ஒருவர் அவனுடைய தாத்தா.

கடைசியில் கயித்தான் எழுந்து இருவரையும் மேசை மேல் வைத்தார். “மூணு நாளைக்கு முன்னால ரெண்டு பேரும் எல்லா வேலையும் செய்வேன்னு சொன்னிய. ரெண்டு பேரும் எல்லாம் செய்வியன்னா ஒரு ஆளுக்குத்தான் எடம். ஆளுக்குப் பாதிய விட்டுக்குடுங்க. ரெண்டு வேலைக்கு ரெண்டு பேர்னு ஏத்திக்கிடுதேன்.”

பட்ட அவமானத்தில் இம்பாக்ட் உடனே ஒப்புக்கொண்டான். இனி நான் துளை போடப் போவதில்லை என்றான். அதற்கு அடையாளமாக, டிரில்கள் கடிக்கும் வட்டக்கால் பிட்டை, அதாவது உருண்டைக் காம்புள்ள துளைமுனையை, இனி வாயில் வைப்பதில்லை, ஆறு பட்டைக் கால் உள்ளதை மட்டுமே பிடிப்பேன் என்று கடலைப் பார்த்துச் சத்தியம் செய்தான்.

டிரில் மறுத்துவிட்டான். பெரிய திருகாணியை விடுகிறேன், சின்னத் திருகாணியை விட மாட்டேன் என்றான். அலமாரிக் கீல், கதவுத் தாழ்ப்பாள், சுவிட்ச் பெட்டி இதிலெல்லாம் இம்பாக்ட் கை வைத்தால் உடைத்துவிடுவான், எந்த அளவு முறுக்கில் நிற்க வேண்டும் என்று வைக்கும் எண் வளையத்தை அந்த வேலைக்காகத்தான் கழுத்தில் போட்டிருக்கிறேன் என்று நீண்ட விளக்கம் கொடுத்தான். சொன்னதெல்லாம் உண்மை. அதனால் ஒரு பயனும் இல்லை. சின்னதோ பெரியதோ, திருகாணி இறக்கும் வேலைக்கு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

மணி பதினொன்று. பேட்டரி நிறைந்திருந்தது. கம்பத்தடி ஆள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

மரைக்கார் அதுவரை ஒரு பக்கமும் சேராமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே போய், மூடியும் கொக்கியும் வைத்த ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். மீன் பெட்டியில் வந்த தெர்மோகோலை அதற்குள் வைத்து, கத்தியால் இரண்டு குழி வெட்டினார். டிரில்லை ஒரு குழியில் படுக்க வைத்தார். இம்பாக்ட்டைத் தலைமாற்றி அடுத்த குழியில் வைத்தார். நடுவில் இன்னொரு குழி வெட்டி இரண்டு பேட்டரிகளை வைத்தார். இருவருக்கும் அதே பேட்டரிதான் என்றார். மூடியைச் சாத்திக் கொக்கியைப் போட்டார். உள்ளே டிரில் ஏதோ சொல்வது கேட்டது. என்னவென்று புரியவில்லை.

“இப்ப எத்தன உருப்படி, தண்டல்?”

கயித்தான் பெட்டியைச் சுற்றி வந்தார். தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மரைக்கார் தன்னை ஏமாற்றப் பார்க்கிறாரா என்று யோசித்தார். தான் ஏமாற விரும்புகிறோமா என்றும் யோசித்தார். செலசி பாயில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

“ஒண்ணு” என்றார்.

“அது என்ன வேலைக்கு?”

“கூர போட.”

இன்னாசி மேற்கொண்டு யாரும் எதையும் யோசிப்பதற்குள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான். வள்ளம் நங்கூரம் தூக்கியபோது கம்பத்தில் கூண்டு பாதி உயரத்தில் இருந்தது.

அன்று பிற்பகலும் மறுநாள் முழுவதும் வேலை நடந்தது. பனிமயம் டிரில்லை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். தகரத்தையும் பனையையும் சேர்த்து, திருகாணியைவிட ஒரு நூல் குறைவான துளையாகப் போட்டுக்கொண்டே போனார். கயித்தான் இம்பாக்ட்டுடன் பின்னால் வந்து ஒவ்வொரு துளையிலும் இறக்கினார். மூன்று நாளைக்கு முன் மரத்தைப் பிளந்தவன் இப்போது வாழைத்தண்டில் ஊசி ஏற்றுவது போல ஏற்றினான். ஒருவன் பேட்டரி ஓய்ந்தால் மற்றவனுடையதைக் கழற்றி மாட்டினார்கள். ஒரு தலையும் தெறிக்கவில்லை. பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கடைசித் திருகாணி இறங்கியது. இன்னாசி கூரை மேல் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தான். இறங்கி வந்து, போதும் மாமா என்று மட்டும் சொன்னான்.

பத்தொன்பதாம் தேதி காலை காற்று வந்தது. இருபத்து மூன்று பேரும் கொட்டகைக்குள் இருந்தார்கள். தகரம் அசையவே இல்லை என்று எழுதினால் பொய். வடமேற்கு மூலையில் ஒன்று விடாமல் முனகிக்கொண்டிருந்தது. கயித்தான் நான்கு மணி நேரம் அந்த மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிற்பகலில் முனகல் குறைந்தது, பிறகு மழை மட்டும் பெய்தது, பிறகு அதுவும் விட்டது. அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். கூரை வைத்த இடத்தில் இருந்தது. ஈர மணலில் உட்கார்ந்து, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஆறு நாளில் அவர் பசி என்று வாய் திறந்தது அப்போதுதான். பனிமயம் கொடுத்த கஞ்சியை இரண்டு சட்டி குடித்துவிட்டு அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை.

அன்று முதல்தான் டிரில்லும் இம்பாக்ட்டும் ஒரே பெட்டியில், தலைமாற்றிப் படுத்து, ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொண்டு வருகிறார்கள். மரைக்கார் அதே மாதிரிப் பெட்டிகளை அடுக்கி விற்கத் தொடங்கினார். மற்ற கடைக்காரர்கள் பார்த்துச் செய்தார்கள். அன்று முதல்தான் இம்பாக்ட்டின் வாய் ஆறு பட்டைக் கால் பிட்டை மட்டும் ஏற்கிறது. டிரில் தன் கழுத்து எண்களை இன்றும் கழற்றவில்லை. மூடிய பெட்டிக்குள் எதிரெதிர்த் திசையில் கிடந்ததால்தான் கருவிகளுக்குப் பேச்சு நின்றுபோனது என்று சொல்வோரும் உண்டு. அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

புரட்டாசி இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணிக்கு, நெடுந்தாழைத் தீவின் கருவாட்டுக் கொட்டகையில் செலசிக்குப் பெண் குழந்தை பிறந்தது.