பெரிய கல் உருட்டிய முக்குளிப்பான்

மலையடிவாரத்து ஏரி ஒன்றில் முங்கன் என்றொரு முக்குளிப்பான் இருந்தான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிற பறவை. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கரையில் நடக்கச் சொன்னால் நாலடிக்கு ஒருதரம் குப்புற விழுவான். ஆனால் தண்ணீருக்குள் போய்விட்டால் மீனுக்கே வழி சொல்லிக்கொடுப்பான்.

அவன் மனைவி ஆம்பலி. இருவரும் பாசியையும் கோரையையும் அடுக்கி, தண்ணீர் மேலேயே மிதக்கிற கூடு கட்டுவார்கள். கூடு மிதந்து போய்விடாமல் இருக்க, கோரையை முறுக்கிக் கயிறாக்கி, கோரைப் புதரின் அடித்தண்டோடு கட்டிவைப்பது முங்கன் வேலை. தண்ணீர் ஏறினால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இறங்கினால் இழுத்துக் கட்ட வேண்டும். தினமும் விடிந்ததும் அவன் போடுகிற முதல் முங்கு அதற்குத்தான். அந்த ஏரியில் வெள்ளம் கொண்டுபோன கூடுகள் எத்தனையோ உண்டு. முங்கன் கட்டிய கூடு ஒன்றுகூடப் போனதில்லை. அதை அவன் ஒரு பெருமையாக நினைத்ததே இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஏரிப் பறவைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏரி நிரம்பிய மறுநாள் எல்லாரும் கரையில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து, தண்ணீர் வற்றுவதற்குள் இன்னது செய்வேன் என்று சபையில் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தவர் கல் கரையில் நிற்கும். செய்யாதவர் கல்லை ஏரிக்குள் உருட்டிவிடுவார்கள். நாளடைவில் என்ன ஆயிற்றென்றால், யார் என்ன சொன்னார் என்பதை எல்லாரும் மறந்துவிட்டு, யார் கல் எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

போன வருஷம் முங்கன் ஒரு சின்னக் கல்லை வைத்தான். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இது கல்லா, இல்லை யாராவது தின்னுட்டுத் துப்பின விதையா?" என்று கேட்டது.

கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பு முங்கனுக்கு ஒரு வருஷமாகச் செரிக்கவில்லை.

ஆகவே இந்த வருஷம் ஏரி நிரம்பத் தொடங்கியதுமே அடியாழத்தில் தேடி, தன்னைவிடப் பெரிய கல் ஒன்றைக் கண்டுபிடித்தான். மூன்று நாள் பாடுபட்டான். மார்பால் தள்ளினான், அலகால் நெம்பினான், கரையில் ஏழெட்டுத் தரம் விழுந்து எழுந்தான். சபை கூடிய அன்று அந்தக் கல் நடுவில் வந்து நின்றது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நாமக்கோழிகூட எழுந்து இடம் விட்டது.

சபைக்குத் தலைமை வகித்த நாரை கழுத்தை வளைத்துக் கேட்டது: "கல்லு சரி. என்ன செய்யப் போறே முங்கா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கல்லைத் தேடிய அவசரத்தில் இதை யோசிக்கவே இல்லை. சின்னதாக ஏதாவது சொல்லலாம் என்றால் பக்கத்தில் கல் மலை மாதிரி நிற்கிறது. அண்ணாந்து பார்த்தான். மலைக்கு மேலே பருந்து ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"அந்த மலையைத் தாண்டிப் பறந்துட்டு வர்றேன்," என்றான்.

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். முங்கனுக்கு ஆழம் நன்றாகவே தெரியும், உயரம்தான் தெரியாது. சபை ஆரவாரம் செய்தது. நாமக்கோழி ஓடிவந்து, இப்போதுதான் நீ ஓர் ஆள் என்று தட்டிக்கொடுத்தது. முங்கன் இரண்டு மடங்கு பருத்துப்போய் வீடு திரும்பினான்.

ஆம்பலி அந்த வாரம்தான் நாலு முட்டை இட்டிருந்தாள். சேதியைக் கேட்டுவிட்டு அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தெரியாது."

"பார்க்கணும்னு ஆசையா?"

முங்கன் நேர்மையானவன். கொஞ்சம் யோசித்தான். "அப்படி ஒண்ணும் இல்லை."

"அப்புறம் ஏங்க போறீங்க?"

"கல்லைப் பெருசா வச்சுட்டேனே."

ஆம்பலி முட்டைகளைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. முக்குளிப்பான் சட்டென்று எழும்பிவிடக்கூடிய பறவை அல்ல. தண்ணீர் மேல் தடதடவென்று வெகுதூரம் ஓடினால்தான் உடம்பு மேலே கிளம்பும். முங்கன் ஓடினான், எழும்பினான், தொப்பென்று விழுந்தான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் இருக்கிறதே என்று மறுபடி ஓடினான். அடைகாக்க அவன் முறை வரும்போது அசதியில் தூங்கிப்போனான். காலை முங்கு முதலில் ஒருநாள் விட்டுப்போயிற்று. பிறகு இரண்டு நாள். பிறகு அது அவன் நினைவிலேயே இல்லை. தண்ணீருக்குள் போகாமல் அவன் உடம்பு காய்ந்தது. மனசும் கொஞ்சம் காய்ந்துதான் போயிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் கல் என்னாவது?

மலை தாண்டும் நாள் வந்தது. முந்தின நாள் முழுக்க மழை. ஏரி விளிம்புவரை தளும்பி, மிகுந்த தண்ணீர் வெளியேறுகிற கலிங்கு வழியே இரைச்சலோடு பாய்ந்துகொண்டிருந்தது. கரை முழுக்கப் பறவைகள்.

"கயிறு விறைச்சுக்கிட்டு நிக்குதுங்க. கொஞ்சம் தளர்த்திட்டுப் போங்க," என்றாள் ஆம்பலி.

வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு முங்கன் கிளம்பினான்.

அன்றைக்கு எல்லாம் கூடிவந்தது. ஒரே ஓட்டத்தில் எழும்பிவிட்டான். பின்காற்று தூக்கிவிட்டது. மருத மரங்களைத் தாண்டினான், மலைச் சரிவைத் தொட்டான். பருந்தே ஒதுங்கி வழிவிட்டது. இன்னும் நூறு சிறகடிப்பு அடித்தால் உச்சி. கரையிலிருந்து வந்த ஆரவாரம் அவன் காதில் விழுந்தது. தன் பின்னால் ஊரே நிற்பதை ஒருதரம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று திரும்பினான்.

ஏரியில் கோரைப் புதரை விட்டு ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவன் கூடு. ஏறிய தண்ணீருக்கு ஈடுகொடுக்க முடியாமல் கயிறு அறுந்திருந்தது. கூடு நேரே கலிங்கை நோக்கிப் போயிற்று. ஆம்பலி அதில் உட்கார்ந்திருந்தாள். பறந்து தப்பலாம், தப்பவில்லை. நாலு முட்டைகளையும் அணைத்தபடி அப்படியே இருந்தாள்.

முங்கன் உச்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிறகை மடக்கிக்கொண்டு கல் விழுவதுபோல விழுந்தான். "ஐயோ, தோத்துட்டான்!" என்று கரை கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை.

தண்ணீருக்குள் போனதும் அவன் பழைய முங்கன் ஆனான். கலங்கல் நீரில் அறுந்த கயிற்றின் நுனியைத் தேடிப் பிடித்தான். இழுத்து நிறுத்துகிற பலம் அவனுக்கு இல்லை, அது அவனுக்கும் தெரியும். கலிங்குக்குச் சற்று முன்னால் ஒரு கருவேலமரம் பாதி மூழ்கி நின்றது. கயிற்றைக் கவ்விக்கொண்டு அதன் கிளையை மூன்று சுற்றுச் சுற்றினான். நுனியைக் கவட்டில் செருகினான். வேகமாக வந்த தண்ணீரே முடிச்சை இறுக்கிக்கொடுத்தது. கூடு ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

மூச்சு வாங்க மேலே வந்தான். நாலு முட்டையும் இருந்தன. ஆம்பலி நடுங்கிக்கொண்டிருந்தாள். முங்கன் அழுதான், ஈரத் தலையில் அது யாருக்கும் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சுடு," என்றான்.

"முதல்ல கயிறைத் தளர்த்துங்க. தண்ணி இன்னும் ஏறும்," என்றாள் அவள்.

மாலையில் சபை கூடியது. நாமக்கோழி தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது," என்றது. வழக்கப்படி கல்லை உருட்ட வேண்டும் என்றது நாரை. முங்கன் யாரையும் எதிர்பார்க்காமல் தானே அதை ஏரிக்குள் தள்ளினான். அவ்வளவு நிம்மதியாக அவன் அதற்கு முன் எதையும் தள்ளியதில்லை. பிறகு, தண்ணீர் இன்னும் வற்றவில்லையே, வேறொன்று சொல்லலாமா என்று கேட்டான். நாரை சம்மதித்தது.

"நாலு குஞ்சும் என் முதுகுல ஏறி வளரணும். நாலும் தானா முங்கக் கத்துக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். சொல்லிட்டேன்," என்றான்.

இதற்குக் கல் எங்கே என்று நாமக்கோழி சிரித்தது. முங்கன் அலகுக்கு அகப்பட்ட ஏதோ ஒரு கல்லை வைத்துவிட்டு வேகவேகமாகத் திரும்பினான். அடைகாக்க அவன் முறை.

குஞ்சுகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள் பத்து நாளிலேயே முதுகிலிருந்து குதித்து முங்கிவிட்டன. நாலாவதற்குத் தண்ணீரைக் கண்டால் பயம். அப்பன் முதுகுதான் அதற்கு ஊர், உலகம் எல்லாம். முங்கன் அவசரப்படுத்தவில்லை. அதைச் சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஒருநாள் காலை முதுகு திடீரென்று லேசாயிற்று. 'குளுக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான்; நீர்வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. ஆம்பலியும் அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெகுதூரத்தில், தாமரை இலைக்கு அந்தப் பக்கம், வாயில் ஒரு பொடிமீனோடு ஒரு சின்னத் தலை எட்டிப்பார்த்தது.

முங்கன் சந்தோஷத்தில் போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது. கரையிலிருந்து யாராவது பார்த்தார்களா என்று அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஊர் மெச்சுவதற்காகக் குறிக்கோள் வைப்பவர் கையில் இருப்பதையும் இழப்பார். தம் மனம் எதை உயர்வாக மதிக்கிறதோ அதையே குறிக்கோளாக வைப்பவர் நிறைவாக வாழ்வார்.