நாலு இன்ச் குட்டையான பாடி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் பிலோமினா. சிங்காநல்லூரில் மூடிக் கிடந்த ஒரு மில்லின் பஞ்சுக் குடோனில் பட்டறை வைத்திருந்தார். கார்களுக்கு ஃபைபரில் பாடி செய்து பொருத்துவது அவர் தொழில். சீடர் வேலாயுதசாமி முப்பது வருடம் பாலம் கட்டிவிட்டு ஓய்வு பெற்ற இன்ஜினியர்.

ஓய்வு பெற்ற மறுமாதம் வேலாயுதசாமி ஒரு கார் வாங்கினார். அது பதினொரு பெட்டிகளில் வந்தது. சேஸி என்கிற அடிச்சட்டம், சக்கரம், இன்ஜின், நட்டு, போல்ட்டு எல்லாம் தனித்தனியாக. வாங்கியவரே வீட்டில் வைத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருடம் போர்ட்டிகோவில் மல்லாந்து படுத்துக் கோத்தார். வண்டி ஓடியது.

இப்படி வீட்டிலேயே வண்டி கோத்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வெளியே ஒரு பந்தய மைதானத்தில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார்கள். வேலாயுதசாமியும் மனைவி ரங்கநாயகியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனார். பெட்டிகளோடு வந்த பாடி சதுரமாக, உயரமாக, வெள்ளையாக இருந்தது.

வாசலில் நின்றவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தண்ணி கேன் எல்லாம் பின்னாடி கேன்டீன்ல இறக்கிருங்க."

ரங்கநாயகி சிரித்தார். சுற்று முடியும்வரை சிரித்தார். வீடு வந்து சேர்ந்து கதவைத் திறக்கும்போதும் சாவி கை நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

மறுநாளே வேலாயுதசாமி அந்தப் பாடியைக் கழற்றி மொட்டை மாடியில் கவிழ்த்தார். வேறு ஊரில் ஒருவர் விற்கும் வேறு பாடிக்கு ஆர்டர் கொடுத்தார். சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம், தரையோடு தரையாக ஓடும்.

அது வருகிற நாளில் பால்கனியில் நின்று சத்தமாகப் போனில் பேசினார். "பாடி எத்தனை மணிக்கு வரும்? சரி, வாசல்லயே இறக்கிருங்க. தூக்கறதுக்கு நாலு பேர் நான் ஏற்பாடு பண்ணிக்கறேன்."

லாரி வந்தபோது தெருவில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிக் கயிறு கட்டிய பொருளை இறக்கினார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாலையோடு வந்திருந்தார். துணியை அவிழ்த்த பிறகும் மாலையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பானெட்டின் மேல் சாத்திவிட்டுப் போனார்.

பாடியைச் சேஸியின் மேல் தூக்கி வைத்தார்கள். முன்சக்கரம் சரியாக வந்தது. பின்சக்கரம் வளைவுக்குள் வராமல் ஃபைபரில் இடித்தது. அளந்தார். பாடி நாலு இன்ச் குட்டை.

இப்படித்தான் அவர் பிலோமினாவிடம் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, மேஸ்திரி இல்லீங்களா?"

"நான்தானுங்க."

வேலாயுதசாமி ஒரு நொடி தயங்கினார். பிறகு அளவுகள் குறித்துக் கொண்டுவந்திருந்த தாள்களைப் பிரித்தார்.

"ஒரே கேள்விங்க. சேஸியைக் குறைக்கறதா, பாடியை நீட்டறதா?"

பிலோமினா தாள்களைப் பார்க்கவில்லை. "ரெண்டையும் கொண்டுவந்து பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு டீ ஆறுற வரைக்கும் பாருங்க."

கொண்டுவந்து வைத்தார். டீ ஆறும்வரை பார்த்தார்.

"என்ன தெரியுதுங்க?"

"பாடி நாலு இன்ச் குட்டை."

"பாடியைக் கேட்டா என்ன சொல்லும்?"

வேலாயுதசாமி யோசித்தார். "சேஸி நாலு இன்ச் நெட்டைன்னு சொல்லும்."

"நீங்க சேஸி கட்சி. அதை நீங்க கோத்தீங்க."

"நீங்க எந்தக் கட்சி?"

"பிரேக்கும் ஸ்டியரிங்கும் சேஸியிலதான் இருக்குது. அதுல நான் கை வைக்க மாட்டேனுங்க. பாடி சட்டை மாதிரி. பத்தலைன்னா பிரிச்சு, நடுவுல துணி வெச்சுத் தைக்கோணும்."

அந்தப் பதில் வேலாயுதசாமிக்கு மிகவும் பிடித்துப்போனது.

"நீங்களே செஞ்சு தந்தா நான் என்னத்தக் கத்துக்கறது? என்னைச் சீடனாச் சேத்துக்கங்க."

"எனக்கு ஆளு வேண்டாமுங்க."

"ஆளில்லீங்க. சீடன்."

"சீடன்னா டீ வாங்கிட்டு வருவாங்களா?"

வேலாயுதசாமி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு வாரம் அவர் பாடியை வரைந்தார். மேலிருந்து, பக்கத்திலிருந்து, குறுக்கே வெட்டி என்று இருபத்தேழு தாள்கள். ஒவ்வொன்றிலும் தேதி, கையெழுத்து. எட்டாம் நாள் காலை பட்டறைக்குள் வந்தவர் அலறினார். பிலோமினா பதினான்காவது தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சக்கர வளைவின் மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! அது பக்கவாட்டுத் தோற்றம்!"

"நல்ல கெட்டித் தாளுங்க. மடங்கவே இல்லை. இன்னும் இருக்குதுங்களா?"

மைதானத்தில் அடுத்த முறை கூடும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்போது பார்த்துப் பிலோமினாவின் அண்ணன் குழந்தைக்கு உடுமலையில் ஞானஸ்நானம் வந்தது. அவர் இரண்டு நாள் போக வேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் வெட்டாதீங்க."

"சரிங்க."

"வெட்டோணும்னு தோணுமுங்க."

"தோணாதுங்க."

"தோணுனா டீ குடிங்க."

முதல் நாள் வேலாயுதசாமி ஆறு டீ குடித்தார். இரண்டாம் நாள் காலையில் நான்கு. பாடி ஸ்டாண்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. வெட்டுக்கோடு அவர் வரைபடத்தில் தெளிவாக இருந்தது: கதவுக்குப் பின்னால், முன்பக்க விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர். பத்து நாளில் வேலை முடிய வேண்டும். பதினான்கு பாலம் கட்டியவர் இதற்கு ஒருவருக்காகக் காத்திருப்பதா? மூன்று முறை அளந்தார். கோடு போட்டார். கட்டிங் மெஷினை எடுத்தார்.

அருமையான வெட்டு. அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.

புழுதி அடங்கியதும் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் என்று நினைத்து அவர் அளந்தது பின்பக்க விளிம்பிலிருந்து. கவிழ்ந்து கிடந்த பாடியில் தலையும் வாலும் மாறிப்போயிருந்தன. வெட்டு, கதவு மாட்டுகிற திறப்பின் நட்டநடுவில் விழுந்திருந்தது. இனி நாலு இன்ச் சேர்த்தால் திறப்பு நாலு இன்ச் அகலமாகிவிடும். கதவு பொருந்தாது.

அவர் ஃபைபர் வார்க்கும் ரெசின் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார். வாழ்நாளில் ஒரு பாலத்தையும் அவர் தப்பான இடத்தில் கட்டியதில்லை.

மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு ரங்கநாயகி வந்தார். இரண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கேரியரைத் திறந்து தட்டில் சோறு வைத்தார்.

"சிரிக்கலையா?" என்றார் வேலாயுதசாமி.

"சாப்பிடுங்க."

அவள் சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்த பிலோமினா, தோளில் பையோடு உள்ளே நுழைந்தார். வேலாயுதசாமி எழுந்து நின்றார்.

"வெட்டிட்டேனுங்க."

பிலோமினா வெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "வெட்டு நல்லா இருக்குதுங்க."

"இடம்?"

"எத்தனை டீ குடிச்சீங்க?"

"பத்து."

பிலோமினா பையைக் கீழே வைத்தார். மூவருமாக இரண்டு துண்டுகளையும் நிமிர்த்திச் சேஸியின் மேல் வைத்தார்கள். நடுவில் நாலு இன்ச் விட்டு, முன்னும் பின்னும் சக்கரம் சரியாக வரும்படி நகர்த்தினார்கள். அதன் பிறகு பிலோமினா சீட்டை எடுத்துப் போட்டார்.

"அம்மா, நீங்க ஏறி உக்காருங்க."

"நானா?" என்றார் ரங்கநாயகி. "எனக்கு இடது முட்டி மடங்காது கண்ணு. அன்னைக்கு வீட்டுல இந்தப் பாடியைச் சும்மா தூக்கி வெச்சப்பவே காலை நுழைச்சுப் பாத்தேன். போகலை. நான் வர மாட்டேன், அவரே ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும்னுதான் இருந்தேன்."

வேலாயுதசாமி திரும்பிப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க அளந்துட்டு இருந்தீங்க."

ரங்கநாயகி செருப்பைக் கழற்றினார். சீட்டின் ஓரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். வலது காலை உள்ளே வைத்தார். இடது காலை நீட்டியபடியே மெதுவாகத் திருப்பினார். கால் திறப்பின் விளிம்பில் உரசாமல் உள்ளே போனது.

"போயிருச்சு!" என்றார். சீட்டில் சாய்ந்து இல்லாத கண்ணாடி வழியே முன்னால் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

வேலாயுதசாமி பிலோமினாவைத் தனியாக அழைத்துப்போனார்.

"நான் சரியான இடத்துல வெட்டியிருந்தா?"

"பழைய கதவே போதுமுங்க. அம்மா வீட்டுல இருந்திருப்பாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா நான் செஞ்சது தப்பில்லை."

"தப்புதானுங்க."

"ஆனா பலன்..."

"பத்து நாள்ல ரெண்டு கதவு புதுசா அடிக்கோணும். பலனுக்கு யாரு உப்புத்தாள் தேய்க்கறது?"

வேலாயுதசாமி தேய்த்தார். ஒன்பது நாள் தேய்த்தார். சிவப்புத் தூள் அவர் புருவத்திலும் காது மடலிலும் படிந்தது. பிலோமினா நாலு இன்ச் துண்டை வார்த்து ஒட்டினார். கதவுக்கு அச்செடுத்தார். தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"இன்னும்."

கூடும் நாள் வந்தது. மைதானத்தில் பதினேழு வண்டிகள் வரிசையாக நின்றன. இவர்களுடையது பன்னிரண்டாவது. வாசலில் நின்ற அதே ஆள் இந்த முறை கேன்டீனைக் காட்டவில்லை. தொப்பியைச் சற்றுத் தூக்கி வழிவிட்டார். ரங்கநாயகி கதவைத் திறந்து பக்கவாட்டில் உட்கார்ந்து, காலைத் திருப்பி உள்ளே போய், முடி பறக்காமலிருக்கத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

வேலாயுதசாமி மட்டும் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன அளவுத் தகடு. இடது கதவுக்கும் பாடிக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். வலது பக்கம் போய் விட்டுப் பார்த்தார். மறுபடி இடது பக்கம் வந்தார்.

"இந்தப் பக்கம் சந்து நாலு மில்லிமீட்டர்," என்றார் பிலோமினாவிடம். "அந்தப் பக்கம் ஏழு."

"ஆமாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

பதினோராவது வண்டி கிளம்பிப் போனது. கொடி பிடித்தவர் இவர்களைப் பார்த்துக் கையாட்டினார்.

"ஏனுங்க," என்று கூப்பிட்டார் ரங்கநாயகி. "நம்ம முறை."

வேலாயுதசாமி முன்னால் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். வித்தியாசம் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தார். தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்போதும் தெரிந்தது. பின்னால் பதின்மூன்றாவது வண்டி ஹாரன் அடித்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எங்க இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும்? அதை மட்டும் சொல்லிருங்க."

பிலோமினா வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள உக்காந்து பாருங்க."