ஃப்ளெக்ஸில் இல்லாத பெயர்

குலோத்துங்கன் சார் திருநெல்வேலியில், அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் சாட் தேர்வுக்குக் கோச்சிங் நடத்துகிறவர். அமெரிக்காவையே சட்டைப்பையில் வைத்திருப்பதுபோலப் பேசுவார். வாசல் ஃப்ளெக்ஸில் மாணவர்களின் படமும் மார்க்கும் இருக்கும். சேர்ந்த கல்லூரியின் பெயர்தான் இருக்காது.

பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் முன்னால், மைக்கும் கையுமாகத் தன் மாணவி ஷிபானாவை எழுப்பி நிறுத்தினார்.

"ஆயிரத்து அறுநூறுக்கு 1460! இங்கேருந்து அமெரிக்கா போற பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு மார்க்கா? 1550 எடு, பெரிய காலேஜ் உன்னைக் கூப்பிட்டு சீட் கொடுக்கும். மறுபடி என் கிளாஸ்ல சேரு."

"சேந்துக்கிடுதேன் சார்," என்றாள் ஷிபானா பவ்யமாக. "என் படத்தை மட்டும் இன்னைக்கே ஃப்ளெக்ஸ்ல போட்டிருங்க. 1550 எடுத்தா எந்த காலேஜ் சீட் கொடுக்கும்னு பேரையும் கீழே போட்டிருங்க."

சார் பதறிவிட்டார். "அதெப்படிம்மா போட முடியும்? மார்க்கை மட்டும் பாத்தா சீட் கொடுக்கான்? அப்ளிகேஷன்ல நீ எழுதுற கட்டுரை, ஸ்கூல் படிப்பு, ஆள் எப்படின்னு எல்லாத்தையும்லா பாப்பான்!"

மைக் அதை ஹால் முழுக்கச் சொன்னது.

"அப்ப 1460 இருக்கட்டும் சார். நான் போய்க் கட்டுரையை எழுதுதேன்."

முன்வரிசையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்த அப்பா ஒருவர், அதை மூடிவிட்டு எழுந்தார்.

"ஏ பாப்பா, நில்லு. அந்தக் கட்டுரையில என்ன எழுதணும்?"