இலை கட்டாத இரண்டு கதவுகள்

ரோமாபுரியிலிருந்து தெற்கே போகிற கல் பாவிய சாலையில் ஓர் ஊர் இருந்தது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

சக்கரவர்த்தியே இயேசுவின் பக்கம் வந்துவிட்ட காலம் அது. அவர் வந்ததும் அந்த ஊரும் வந்துவிட்டது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பது நம்முடைய பழமொழி மட்டும் அல்ல.

அங்கே தோம்னினா என்றொரு விதவை இருந்தாள். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. உடம்பு தளர்ந்திருந்தாலும் வாய் தளரவில்லை. மார்சியான் என்கிற உபதேசியாரை அவள் தன் குருவாகக் கொண்டிருந்தாள். ஞானஸ்நானம் பெற வருகிறவர்களுக்கு ஜெபம் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அவள் மகன் இருந்திருந்தால் அவரைவிட மூத்தவனாக இருப்பான்.

மகன் இல்லை. அவனுக்கு வித்தாலி என்று பெயர்.

குளிர்காலத்தில் குறுகிக்கொண்டே வந்த பகல் மறுபடி வளரத் தொடங்கும் நாளை, சூரியன் பிறந்த நாள் என்று அந்த ஊர் கொண்டாடிவந்தது. நாம் வாசலில் மாவிலை கட்டுவோமே, அதுபோல அவர்கள் லாரல் மரத்தின் கொப்பைக் கட்டுவார்கள். விளக்கேற்றுவார்கள். கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்த பழைய சக்கரவர்த்தியின் காலத்தில் இது வசதியாகப் போயிற்று. எந்தக் கதவில் இலை இல்லையோ அந்த வீட்டில் கிறிஸ்தவன் இருக்கிறான்.

வித்தாலி இலை கட்டவில்லை. எதிர்வீட்டுக்காரன் கொர்வீனு, சூரியன் கோயில் பூசாரி, படைவீரர்களுக்கு அந்த வெறும் கதவைக் காட்டிக்கொடுத்தான். அவர்கள் வித்தாலியைச் சந்தை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவரவில்லை.

அதன்பிறகு அந்தத் தாயும் அந்தப் பூசாரியும் எதிரெதிர் வீட்டில் இருந்தபடியே கிழடாகிப் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

காலம் மாறியது. சூரியன் கோயில் தேவாலயமானது. சுவரில் இருந்த சூரியனின் முகத்துக்குத் தாடி வரைந்து இயேசு ஆக்கினார்கள். தலையைச் சுற்றியிருந்த ஒளிக்கதிர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். நல்ல பொன் வண்ணம், அழிக்க மனம் வரவில்லை.

பிறகு ஒருநாள் ஆயர் அறிவித்தார். சூரியன் பிறந்த அந்த நாள்தான் இனி இயேசு பிறந்த திருநாள். எல்லார் வாசலிலும் லாரல் கட்ட வேண்டும்.

தோம்னினா மூச்சிரைக்க உபதேசியாரிடம் வந்தாள்.

"கேட்டீங்களா உபதேசியாரே? அதே நாளாம். அதே இலையாம்."

"கேட்டேன்."

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

"ஆயர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. இயேசுதான் உண்மையான சூரியன், அதனால தப்பில்லைன்னார்."

"நல்ல பதில்."

"நல்ல பதில்தான். எனக்குத் தொண்டையில இறங்கலை. நான் கட்டட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

மார்சியான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்கம்மா, தெருவைப் பார்த்துட்டு வருவோம்."

தெருவெல்லாம் பச்சையாக இருந்தது. மூலையில் பயறு விற்கிற பெண் ஒருத்தி முக்காலிமேல் ஏறி நின்று நிலைப்படியில் கொப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் புதியவள். மார்சியான் அவளிடம் கேட்டார்.

"எதுக்கும்மா இந்த இலை?"

"என்னங்க இப்படிக் கேட்கிறீங்க, உபதேசியாரா இருந்துக்கிட்டு? வித்தாலி நினைவாத்தான். இயேசு பிறந்த நாளுக்கு வாசல்ல இலை கட்டினான்னு அந்தப் பிள்ளையைக் கொன்னாங்களே."

தோம்னினா முன்னே வந்தாள். "கட்டினதுக்கா? அடிப்பாவி, கட்டாததுக்கு!"

"இல்லை பெரியம்மா, நீங்க மாத்திச் சொல்றீங்க. ஆயரே பிரசங்கத்துல சொன்னார். கட்டின கொப்பை அவிழ்க்க மாட்டேன்னு கதவைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டானாம். கேட்டு நான் அழுதேன்."

"நான் அவனைப் பெத்தவ."

அந்தப் பெண் முக்காலியிலிருந்து பதறி இறங்கினாள். தோம்னினாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உண்மையான பக்திதான், குறை சொல்ல முடியாது.

"தாயே, உங்களைப் பார்க்கக் கொடுத்துவச்சிருக்கணும். உங்க வாசல்ல, இருக்கிறதிலேயே பெரிய கொப்பாக் கட்டுங்க."

தோம்னினா கையை விடுவித்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்து நடந்தாள். மார்சியான் பின்னாலேயே போனார்.

அவள் தெருவிலும் எல்லாக் கதவுகளிலும் இலை ஏறியிருந்தது. இரண்டு கதவுகள்தான் வெறுமையாக இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது எதிரே, கொர்வீனுவுடையது.

ஆயரின் ஆட்கள் வண்டி நிறைய லாரலோடு வந்துகொண்டிருந்தார்கள். அவள் வாசலில் வண்டியை நிறுத்தித் தலை வணங்கினார்கள்.

"வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சியோட தாய் நீங்க. உங்க வாசல் வெறுமையா இருக்கலாமா அம்மா?"

"எனக்கு வேண்டாம்ப்பா. எடுத்துட்டுப் போங்க."

"முடியலைன்னா சொல்லியிருக்கலாமே, நாங்க வந்து கட்டியிருப்போமே."

"முடியாம இல்லை. வேண்டாங்கிறேன்."

அவர்கள் சிரித்தார்கள். வயதானவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பார்களே, அப்படி. ஒருவன் அவள் தோளைப் பிடித்து மெல்ல ஓரமாக நிறுத்தினான். இன்னொருவன் ஆணி அடித்தான். எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் செய்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பிறகு தெருவைக் கடந்து எதிர்க் கதவைத் தட்டினார்கள். கொர்வீனு வெளியே வந்தான். முதுகு வளைந்திருந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"வாசல்ல இலை இல்லையே பெரியவரே. நாள் தெரியுமில்ல?"

"தெரியும். இந்த நாள் எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு உங்க ஆயருக்குத் தெரியாது. நாப்பது வருஷம் என் கையால சூரியனுக்கு இலை கட்டியிருக்கேன்."

"அப்ப இந்த வருஷமும் கட்டுங்க."

"அது என் சூரியனோட இலை. நீங்க அவன் வீட்டைப் பிடுங்கினீங்க, முகத்துல தாடி வரைஞ்சீங்க, இப்ப பிறந்த நாளையும் எடுத்துக்கிட்டீங்க. வேற ஒருத்தன் பேருக்கு நான் கட்ட மாட்டேன்."

கூட்டத்தில் ஒருவன் நல்லவன். அவன் கொர்வீனுவின் காதருகே குனிந்தான்.

"சூரியனுக்குன்னே மனசுக்குள்ள நினைச்சுக் கட்டிடுங்க தாத்தா. யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன்."

முதல் அடி அப்போதுதான் விழுந்தது.

தோம்னினா தன் வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது, மறைப்பானேன். மகனை இழுத்துப் போன நாளிலிருந்து அவள் ஜெபத்தில் கேட்டு வந்தது இதைத்தான். கிழவன் மண்டியிட்டு விழுந்தபோது, இன்னும், இன்னும் என்று அவள் உதடு அசைந்தது.

மார்சியான் ஓடிப்போய் நடுவில் விழுந்தார். "விடுங்கடா, இயேசு பேரால கேட்கிறேன், விடுங்க!" அவர் தோளிலும் இரண்டு விழுந்தது. அவரைச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். இயேசுவின் பேரால்தான் அவர்களும் அடித்தார்கள்.

கொப்பைக் கட்டி முடித்து, ஒரு திருப்பாடலைப் பாடிக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போனார்கள். நன்றாகவே பாடினார்கள்.

கொர்வீனு சுவரைப் பிடித்து எழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் தாடியில் வடிந்தது. எட்டி அந்தக் கொப்பைப் பிடித்தான். முதல் முறை வரவில்லை. இரண்டாவது முறை இழுத்ததில் கொப்போடு அவனும் விழுந்தான். எழுந்து, அதைத் தெருவில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நாளைக்கு மறுபடி வருவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வித்தாலிக்கும் தெரிந்துதான் இருந்தது.

தோம்னினாவுக்கு அந்த மகிழ்ச்சி வாயிலேயே கசந்துபோயிற்று. சுவரோடு சாய்ந்து வாசற்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்சியான் சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். கட்டட்டுமா, வேண்டாமா என்று அவள் இப்போது கேட்கவில்லை.

"உபதேசியாரே."

"சொல்லுங்கம்மா."

"நாளும் அதே. இலையும் அதே. அடிக்கிற அடியும் அதேதான். ஜெயிச்சது நாமன்னு சொல்றாங்க. ஜெயிச்சு இதைத்தான் செய்யப் போறோம்னா, என் பிள்ளை எதுக்குச் செத்தான்?"

"எனக்குத் தெரியாதும்மா."

"ஆயருக்காவது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிப் பிரசங்கம் பண்ணியிருக்க மாட்டார்."

"அப்ப யார்கிட்டத்தான் நான் கேட்கிறது?"

மார்சியான் எதிர்வீட்டைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல அது தெரிஞ்ச ஆள் இன்னைக்கு அவர் ஒருத்தர்தான். போய்க் கதவைத் தட்டிக் கேளுங்க."