பங்குனி ஆமை வைத்த கைநாட்டு

அந்தக் காலத்தில் ஆமை முட்டையின் மேல் படுத்து அடைகாத்தது. குஞ்சு பொரிந்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, அலை முறிகிற இடத்தைத் தாண்டி, ஆழக்கடலில் இறக்கிவிட்டது. அதற்காகத்தான் அதற்கு அவ்வளவு அகலமான முதுகு. இன்றைக்கு அந்த முதுகு சும்மா இருக்கிறது. ஏன் என்பதுதான் கதை.

பறவையும் மீனும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆறு கடலில் சேரும் ஒரு முகத்துவாரத்தில் பேராத்தாள் என்ற ஆமை துறைக்காவல் பார்த்து வந்தாள். அவள் துறையில் சட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் மணல்திட்டில் இளைப்பாறலாம், வெளிக்கடலில் இரை தேடலாம். உள்ளே இருந்த உப்பங்கழியில் மட்டும் யாரும் அலகு வைக்கக் கூடாது. மீன்குஞ்சுகள் வளர்ந்த இடம் அது. பந்தியில் ஓரவஞ்சனை செய்யாதவள் என்று பேராத்தாளுக்குக் கரை நெடுகப் பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போதுதான் புகைக்கப்பல்கள் வரத் தொடங்கின. தூரதேசத்து மனிதர்கள் துறைமுகம் துறைமுகமாக இறங்கி, பீரங்கியைக் காட்டி, அரசர்களிடம் உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல்களின் பின்னாலேயே வந்த குளிர்தேசத்துக் கடற்காகங்கள் கொடிமரத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துப் பழகின.

ஓர் ஐப்பசியில் அவை கூட்டமாக வந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு நின்றன. வெளியே இரை தேடப் போன ஆலாப் பறவைகளால் உள்ளே வர முடியவில்லை. உள்ளே இருந்த நாரைகளால் வெளியே போக முடியவில்லை. துறையே பசியில் துவண்டபோது, கூட்டத்தின் தலைவன் ஓர் ஓலையோடு வந்தது. நம் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்ற பறவை.

"அம்மையாரே, நாங்கள் அதிகம் கேட்கவில்லை. இந்தத் துறையில் நீங்கள் யாருக்கு எந்தச் சலுகை தந்தாலும், அதே சலுகை எங்களுக்கும் உண்டு. இந்த ஒரு வரி போதும். வழியை விட்டுவிடுகிறோம்."

பேராத்தாள் தன் கூட இருந்த நண்டு காத்தானைப் பார்த்தாள்.

"நியாயமாத்தான ஆத்தா இருக்கு," என்றான் காத்தான். "எல்லாருக்கும் ஒண்ணுபோலன்னு நீ நித்தம் சொல்றதத்தான அதுவும் சொல்லுது."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. தன் வாயால் சொல்லிவந்த நீதியை அடுத்தவர் வாயில் கேட்டதும் மனம் இளகிவிட்டது.

"எம்புட்டுக் காலத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"காலம் எழுதவில்லை, அம்மையாரே. நட்புக்குக் காலம் ஏது?"

பேராத்தாள் துடுப்புக்கையைச் சேற்றில் அழுத்தி ஓலையில் பதித்தாள். வழி திறந்தது. அன்றைக்கு எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

கார்த்திகைப் புயலில் சிறகு முறிந்த கூழைக்கடா ஒன்று கரை ஒதுங்கியது. "ரெக்க ஆறுற வரைக்கும் கழிக்குள்ள கெட. பசிச்சா நாலு மீன எடுத்துக்க," என்றாள் பேராத்தாள். மறுநாள் கடற்காகங்கள் மொத்தமாகக் கழிக்குள் இறங்கின.

"அது அடிபட்டது. அதனால குடுத்தேன்," என்று பதறினாள்.

"அடிபட்டவருக்கு மட்டும் என்று ஓலையில் இல்லையே," என்றது தலைவன்.

தை பிறப்பதற்குள் கழியில் கலங்கல் தண்ணீர்தான் மிஞ்சியது. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்வார்கள். சொன்னவருக்குக் காக்க ஒரு துறை இருந்திருக்காது. அதன் பிறகு பேராத்தாள் வந்தவர்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்றே சொன்னாள். கொடுத்தே பழகியவளுக்கு அது பெரிய வேதனையாக இருந்தது.

மாசியில் அவள் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு அம்மாவின் முதுகில் ஏறின. அவள் கடலைப் பார்த்து நகரத் தொடங்கியதும் கடற்காகங்களும் வந்து அதே முதுகில் உட்கார்ந்தன.

"குஞ்சுகளுக்கு இடம் தந்தீர்கள். எங்களுக்கும் உண்டு."

ஆமையால் தன் முதுகைப் பார்க்க முடியாது. பாரம் குறைந்துகொண்டே வருவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. நீந்தினாள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நீந்தினாள். ஆழத்துக்கு வந்ததும் கடற்காகங்கள் எழுந்து பறந்தன. "எறங்குங்க கண்ணுகளா," என்றாள். இறங்குவதற்கு யாரும் இல்லை.

கரையில் காத்தான் அழுதுகொண்டிருந்தான். "ஓலையக் கிழிச்சுப் போட்ருவோம் ஆத்தா."

"கிழிச்சா திரும்ப வழிய அடைப்பாங்க. ஊரு உசுரு போயிரும். கைநாட்டு வச்சது நான். நான் குடுத்தாத்தான அவங்க கேக்க முடியும்?" என்றாள் பேராத்தாள். 

அடுத்த ஆண்டு முட்டையிடுவதைப் பங்குனிவரை தள்ளிப்போட்டாள். கடற்காகங்கள் ஊர் திரும்பத் தயாராக இருந்த நேரம். மேட்டு மணலில் ஏறிக் குழி தோண்டினாள், முட்டையிட்டாள், மூடினாள், மேலே மணலை அடித்துச் சமன் செய்தாள். தலைவன் பக்கத்தில் வந்து நின்றது.

"குஞ்சுகளுக்கு என்ன தந்தீர்கள், அம்மையாரே?"

"ஒண்ணும் தரல."

"அடைகாக்கவில்லையா?"

"இல்ல."

"முதுகில் ஏற்றமாட்டீர்களா?"

"மாட்டேன்."

"இந்த மணலைத் தந்திருக்கிறீர்களே."

"பெத்தத மண்ணுல போட்டு மூடிட்டுப் போறேன். நீயும் வேணும்னா உன் முட்டையக் கொண்டாந்து இதே மண்ணுல போட்டுட்டுப் போ. யாரு வேணாம்னா?"

குளிர்தேசத்தில் தனக்குக் காத்திருக்கும் கூட்டைத் தலைவன் நினைத்துக்கொண்டதோ என்னவோ, மணலைக் கேட்பதை விட்டுவிட்டது. பிறகு, "கண்ணில் நீர் வடிகிறதே," என்றது.

"மண்ணு விழுந்திருச்சு," என்றாள்.

அவள் கடலை நோக்கி நகர்ந்தாள். பாதி வழியில் கழுத்து தானாகக் குழியின் பக்கம் திரும்ப முயன்றது. தலைவன் தலையைச் சாய்த்துக் கவனித்துக்கொண்டிருந்தது. கழுத்தை நேராக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கிப் போய்விட்டாள். சித்திரையில் மணல் பிளந்து குஞ்சுகள் வெளியே வந்தபோது, கரையில் அம்மாவும் இல்லை, கடற்காகங்களும் இல்லை. யாரும் வழி சொல்லாமலே அவை கடலைக் கண்டுபிடித்துக்கொண்டன.

அன்று தொடங்கியதுதான். பங்குனி ஆமை இன்றைக்கும் கரையேறி, கண்ணீர் வழிய முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறது. பார்த்தால், அந்தப் பார்வையையும் கொடுத்த சலுகை என்று எழுதிக்கொள்வார்கள்.