இருநூற்றுப் பன்னிரண்டு நாள்

இதில் வரும் நாட்களை விடாமல் எண்ணிக்கொண்டு வாருங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது.

புளியங்கண்மாயில் சடையாண்டியும் மாயழகுவும் பக்கத்து வயல்காரர்கள். தண்ணீர் முறை யாருடையது என்ற பேச்சு ஒரு காலையில் கைகலப்பானது. சடையாண்டி மண்வெட்டிக் காம்பால் அடித்தான். ஒரே அடிதான். மாயழகு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஜாமீனில் இருந்த சடையாண்டிக்கு வழக்கின் முடிவில் மூன்று வருடம் தண்டனை ஆயிற்று.

தீர்ப்பு நாளன்று கோர்ட்டு வராந்தாவில் மாயழகுவின் மனைவி சீனியம்மாள் அவனை மறித்தாள்.

"மூணு வருஷமாம். அதையாவது முழுசா இருப்பியா, இல்ல அதுலயும் குறைச்சுக்கிட்டு வந்து என் கண்ணு முன்னால நிப்பியா?"

"ஒரு நாள் குறையாம மூணு வருஷம் கழிச்சுத்தான் ஊருக்குள்ள கால் வைப்பேன் மதினி. இது சத்தியம்."

அந்த மூன்று வருடத்தில் ஒன்று லீப் வருடம். ஆகவே மொத்தம் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு நாள்.

சிறையில் அவன் இருந்த கொட்டடி இருபத்துநாலு பேருக்குக் கட்டியது. அடைத்திருந்தது அறுபத்தேழு பேரை. ஒருக்களித்துத்தான் படுக்கலாம், ஒருவன் புரண்டால் வரிசை முழுவதும் புரள வேண்டும். அப்படியும் பதினோரு பேருக்குப் படுக்க இடம் இருக்காது. அவர்கள் முறைவைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

இந்த நெரிசலைக் குறைக்க ஓர் உத்தரவு வந்தது. ஒரு வருடத்துக்குள் தண்டனை முடிகிறவர்களில் நன்னடத்தை உள்ளவர்களை முன்கூட்டியே விட்டுவிடலாம். பட்டியலில் ஏழாவது பெயர் சடையாண்டி. அவன் எண்ணூற்று எண்பத்துநாலு நாள் கழித்திருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு நாள் பாக்கி. அதையும் உள்ளேயே கழிக்கிறேன் என்று மனு எழுதித் தரச் சொல்லி, வார்டர் ஏசுதாசிடம் போய் நின்றான்.

"யோவ், வெளிய விடச் சொல்லி மனு எழுதியே என் கை தேஞ்சிருக்கு. உள்ள வைங்கன்னு எழுதுறது இதான் முதல் தடவை" என்று சிரித்தார் ஏசுதாஸ்.

ஜெயிலர் மனுவைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"நீ இங்க இருக்கிற ஒவ்வொரு ராத்திரியும் இன்னொருத்தன் உக்காந்துக்கிட்டே தூங்கணும். உன் சத்தியத்துக்கு அவன் முதுகுதானா கிடைச்சுது?"

சடையாண்டி விடுதலைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான். ஆனால் ஊருக்குப் போகவில்லை. சிறைக்கு எதிர்ச்சாரியில் இருந்த விறகுக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கினான். நாள் கழிந்ததும் வருவதாக மனைவி இருளாயிக்குச் சொல்லியனுப்பினான். ஒன்றரை ஏக்கரையும், இரண்டு ஆடுகளையும், மாமனார் வெள்ளையனையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வெளியே வந்த நூற்றைம்பதாம் நாள் இருளாயி கடைக்கு வந்தாள்.

"மாமாவுக்கு மூச்சு முட்டுது. பத்து நாள் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே உங்க பேரைத்தான் சொல்றாரு."

"மதினிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் இருளாயி."

"பண்ணும்போது என்கிட்ட கேட்டீங்களா?"

அவள் திரும்பிப் போனாள். மறுநாள், மாயழகு செத்த பிறகு மிதிக்காத சீனியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, மாமனாரின் நிலைமையைச் சொன்னாள். சீனியம்மாள் கேட்டுக்கொண்டாள்.

நூற்று ஐம்பத்திரண்டாம் நாள் முற்பகல், விறகுக்கடை முன்னால் பஸ்ஸிலிருந்து சீனியம்மாள் இறங்கினாள். அடுக்கி வைத்திருந்த விறகையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதான் உன் ஜெயிலா?"

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்கிடாதே. உன்னை வெளிய விடும்போது என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இப்ப உன் பொண்டாட்டி வந்து கேட்டா. நீ எனக்குக் கொடுத்த சொல்லை உன்கிட்டயே தாரேன். போ, போய் அப்பனைப் பாரு."

அவன் ஏறிய பஸ்ஸில் அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

வெள்ளையன் மகனைப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்ததும் பதினாறாம் நாள் காரியம் செய்ததும் சடையாண்டிதான். சீனியம்மாள் இழவு வீட்டுக்கு வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவன் இரண்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்தான்.

"ஊர்ல இருந்த நாளைக் கணக்குல சேக்கக் கூடாது. இன்னும் அறுபது நாள் பாக்கி. அப்பாவைப் பாக்கத்தான் மதினி விட்டாங்க. அந்த வேலை முடிஞ்சுது. நான் கடைக்குத் திரும்பிப் போறேன்."

இருளாயி பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிப் போன்னு அவ சொன்னாளா? நீங்க சொன்ன சொல் தவறாதவருன்னு பேரெடுக்கணும். அதுக்கு நான் இன்னும் அறுபது நாள் ஒத்தையில களை எடுக்கணும். அப்படித்தானே?"

பஸ் வருகிற சத்தம் கேட்கிறது. பையை இருவருமே விடவில்லை. இவர்களில் யார் சொல்வது சரி?

விடை: இருளாயி சொல்வதுதான் சரி. சிறை அவனைத் திறந்துவிட்டது இடம் இல்லாததால். சத்தியம் வாங்கியவளுக்கு அதில் பங்கு இல்லை. ஆகவே அவன் நூற்று ஐம்பத்திரண்டு நாள் வெளியூரில் நின்றது நியாயம். சீனியம்மாள் சொல்லைத் திருப்பித் தந்தபோது பாதி என்றோ, இத்தனை நாளுக்கு என்றோ சொல்லவில்லை. முழுவதையும் தந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த அறுபது நாளை அவனிடம் கேட்பவர் யாருமில்லை. அதைச் சுமக்கப் போகிறவள் இருளாயி மட்டும். அப்படியானால் போன உயிருக்கு என்ன கணக்கு என்று சிலர் கேட்கலாம். அந்தக் கணக்கு மூன்று வருடத்திலும் தீர்ந்திருக்காது. விறகுக்கடையில் இருந்தால் அவன் சீனியம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஊரில் இருந்தால் தினமும் பார்த்தாக வேண்டும், அதுதான் பெரிய தண்டனை. அவன் பையைக் கீழே வைக்கட்டும்.